நோட்பேட் சிஸ்டம் சாஃப்ட்வேரா அப்ளிகேஷன் சாஃப்ட்வேரா? லேப்ல சண்டையே வந்துருச்சு

பாலா_பிசிஏ

எல்லாருக்கும் வணக்கம். பிசிஏ ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இன்டர்னல்ல சிஸ்டம் சாஃப்ட்வேருக்கும் அப்ளிகேஷன் சாஃப்ட்வேருக்கும் வேறுபாடு எழுதி உதாரணம் தருகன்னு வந்துச்சு. நான் சிஸ்டம் பக்கம் விண்டோஸ், அப்ளிகேஷன் பக்கம் நோட்பேட்னு எழுதுனேன். பக்கத்து பெஞ்ச் பய, நோட்பேட் விண்டோஸ் கூடவே வருதுல்ல அப்ப அதுவும் சிஸ்டம் தானேடாங்குறான். மிஸ் கிட்ட கேட்டா டேபிளை மனப்பாடம் பண்ணுங்கன்னுட்டாங்க. அந்த டேபிள்ல சிஸ்டம் சாஃப்ட்வேர் ஹார்டுவேரோட பேசும், அப்ளிகேஷன் சாஃப்ட்வேர் யூசரோட பேசும்னு ஒரு வரி. சரி, அப்ப கம்பைலர் (நாம எழுதுற கோடை மெஷின் மொழிக்கு மாத்துறது) யாரோட பேசுது? அது எந்த ஹார்டுவேரைத் தொடுது? ஆன்டிவைரஸ், குரோம் இதெல்லாம் எந்தப் பக்கம்? தெரிஞ்ச அண்ணன் அக்காங்க சொல்லுங்க, மார்க்குக்காக இல்ல, மண்டை குடையுது.

கர்னல்_காரன்

கூட வர்றதை வெச்சு முடிவு பண்ணாத தம்பி. 1990ல விண்டோஸ் 3.0 கூடவே சாலிட்டேர் வந்துச்சு, அதுக்காக சீட்டாட்டத்தை சிஸ்டம் சாஃப்ட்வேர்னு சொல்லிற முடியுமா. நோட்பேட் அப்ளிகேஷன் தான்.

ஏன்னு தெரியணும்னா கண்ட்ரோல் எஸ் அழுத்துறப்ப என்ன நடக்குதுன்னு பாரு. உன் மெஷின்ல இருக்குறது ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா பென்டிரைவான்னு நோட்பேடுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. அது ரைட்ஃபைல்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும், அந்தக் கால் என்டிடிஎல்எல்ங்குற டிஎல்எல்லுக்கு (பல புரோகிராம் பொதுவா பயன்படுத்துற லைப்ரரி ஃபைல்) போயி என்டிரைட்ஃபைல் ஆகும், அங்க சிஸ்கால்னு ஒரே ஒரு பிராசஸர் இன்ஸ்ட்ரக்ஷன். சிஸ்டத்துக்கும் அப்ளிகேஷனுக்கும் நடுவுல இருக்குற எல்லைக் கோடு அந்த எடத்துல தான் இருக்கு. அதுவரைக்கும் யூசர் மோட், இன்டெல் கணக்குல ரிங் 3. அதைத் தாண்டுனா ரிங் 0, கர்னல், அதாவது ஆபரேடிங் சிஸ்டத்தோட மையப் பகுதி. (ரிங்னா பிராசஸர் போடுற அதிகார அடுக்கு. இன்டெல் நாலு ரிங் குடுத்தான், விண்டோஸும் லினக்ஸும் 0வையும் 3ஐயும் மட்டும் எடுத்துக்கிட்டு நடுவுல இருக்குற ரெண்டை அப்படியே விட்டுட்டாங்க.) உள்ள போனதும் இந்த ஹேண்டிலுக்கு (திறந்த ஃபைலோட அடையாளம்) எழுதுற உரிமை இருக்கான்னு பாக்கும், அப்புறம் என்டிஎஃப்எஸ்ங்குற ஃபைல் சிஸ்டத்தோட டிரைவர், அதுக்குக் கீழ டிஸ்கை நேரா இயக்குற டிஸ்க் டிரைவர். அதுலயும் முக்கால்வாசி நேரம் உடனே டிஸ்குக்குப் போகாது, மெமரில வெச்சுக்கிட்டு எழுதியாச்சுன்னு நோட்பேடுக்கு பதில் சொல்லிரும், லேஸி ரைட்டர் பின்னாடி மெதுவா வந்து எழுதும்.

இப்ப நோட்பேடே ரிங் 3ல இருந்துக்கிட்டு டிஸ்க் போர்ட்டை நேரா தொட்டா என்ன ஆகும்? விண்டோஸ் கூடத் தேவையில்ல, பிராசஸரே ஃபால்ட் அடிச்சு நிறுத்திரும். இது புக் டேபிள் கிடையாது, சிலிகான்லயே போட்ட கோடு. என்னைக் கேட்டா சிஸ்டம் சாஃப்ட்வேர்னா கர்னலும் டிரைவரும் தான், மத்ததெல்லாம் அப்ளிகேஷன். முடிஞ்சுது.

மாடிவீட்டு_மாரி

பாலா, சுருக்கமா சொல்றேன். கர்னல் வீட்டு ஓனர், அப்ளிகேஷன் குடித்தனக்காரன். மோட்டர் போடணும்னாலும் ஓனர், ஃபியூஸ் போனாலும் ஓனர். நீயா போயி மெயின் பாக்ஸ்ல கை வெச்சா அடுத்த மாசமே காலி பண்ணச் சொல்லிருவாரு.

சுதா_கோபி

வாடகை வீட்டுக் கதை நல்லாத்தானுங்க இருக்கு, ஆனா தம்பி கேட்ட கம்பைலர் அந்த வீட்ல எங்கயுமே இல்லீங்களே.

> சிஸ்டம் சாஃப்ட்வேர்னா கர்னலும் டிரைவரும் தான், மத்ததெல்லாம் அப்ளிகேஷன். முடிஞ்சுது.

முடியலீங்க கர்னல். ஜிசிசிங்கற கம்பைலர் ரிங் 3ல தான் ஓடுது. ஒரு ஃபைலைப் படிக்குது, இன்னொரு ஃபைலை எழுதுது, உங்க நோட்பேட் மாதிரியே. அசெம்பிளர் (அசெம்பிளி கோடை மெஷின் கோடா மாத்தறது), லிங்கர் (தனித்தனி கோட் துண்டை ஒண்ணாக் கோக்கறது), ஷெல் (நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டறது), லினக்ஸ்ல முதல் பிராசஸா எழுந்து மத்த எல்லாத்தையும் எழுப்பி விடுற சிஸ்டம்டி, எல்லாமே ரிங் 3. நீங்க ஒரு புரோகிராமை ஓட விட்டதும் அதுக்குத் தேவையான லைப்ரரியெல்லாம் மெமரில கொண்டு வந்து கோக்குற டைனமிக் லோடர் கூட உங்க பிராசஸுக்குள்ளயே, அதே ரிங் 3ல தான் ஓடுது. இதையெல்லாம் அப்ளிகேஷன்னு சொல்லுவீங்களா?

அண்ணா யுனிவர்சிட்டில நாங்க படிக்கறப்ப சிஸ்டம் சாஃப்ட்வேர்னே ஒரு பேப்பர் இருந்துச்சு. அதுல கர்னலே கிடையாதுங்க, ஆபரேடிங் சிஸ்டம் தனி பேப்பர். இதுல பூராவும் அசெம்பிளர், லோடர், லிங்கர், மேக்ரோ பிராசஸர். எஸ்ஐசின்னு ஒரு கற்பனை மெஷின், மொத்த மெமரியே 32,768 பைட், ஒரு வேர்டுக்கு மூணு பைட், அதுக்கு டூ பாஸ் அசெம்பிளர் எழுதணும். முதல் பாஸ்ல சிம்பல் டேபிள், ரெண்டாவது பாஸ்ல ஆப்ஜெக்ட் கோட். அந்த லேபுக்கு ராத்திரி முழுக்க முழிச்சவங்க இங்க நெறைய பேர் இருப்பீங்க.

தம்பி, உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி கலந்து கெடக்கு. எங்க ஓடுதுங்கறது ஒண்ணு, யாருக்காக ஓடுதுங்கறது இன்னொண்ணு. எங்க ஓடுதுன்னு பிராசஸர் சொல்லிரும். யாருக்காகன்னு பாத்தா, அடுத்த புரோகிராம் ஓடுறதுக்காக இருக்கறது சிஸ்டம் சாஃப்ட்வேர், மனுசனோட வேலையை முடிச்சுக் குடுக்கறது அப்ளிகேஷன். கர்னல் ரெண்டு கேள்விலயும் சிஸ்டம் பக்கம். நோட்பேட் ரெண்டுலயும் அப்ளிகேஷன் பக்கம். கம்பைலர் முதல் கேள்வில அப்ளிகேஷன் பக்கம், ரெண்டாவதுல சிஸ்டம் பக்கம். சண்டை வர்றது பூரா இந்த மாதிரி நடுவுல நிக்கறதுக்குத் தான்.

பழைய_டாஸ்_பெருசு

சுதாம்மா சொன்னது சரி, கூட ஒண்ணு சேத்துக்கங்க. இன்னைக்கு அந்தப் பக்கம் இருக்குறது நேத்து இந்தப் பக்கம் இருந்திருக்கும்.

விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்துல பிரிண்டர் டிரைவர்ங்குறது ஆபரேடிங் சிஸ்டத்துல கிடையாதுப்பா. கடிதம் கட்டுரை அடிக்குற வேர்ட்பெர்ஃபெக்ட் வாங்கினா பிரிண்டர் டிரைவர் அது கூடவே பிளாப்பில வரும், லிஸ்ட்டு லிஸ்ட்டா இருக்கும், உங்க மாடல் அதுல இருந்தா பொழச்சீங்க. லோட்டஸ் 1-2-3ங்குற ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு அதோட சொந்த டிரைவர் செட்டு. அப்ப ஒரே பிரிண்டருக்கு ஒரே மெஷின்ல ரெண்டு டிரைவர், ரெண்டுமே அப்ளிகேஷனுக்குள்ள. ஸ்கிரீன்ல எழுதுறதும் அப்படித்தான். டாஸ் கிட்ட கேட்டா ரொம்ப மெதுவா எழுதும்னு லோட்டஸ் நேரா வீடியோ மெமரிலயே போயி எழுதும். அதனாலயே ஐபிஎம் பிசி மாதிரி வேற கம்பெனி மெஷின் வந்தா அதுல லோட்டஸும் ஃபிளைட் சிமுலேட்டரும் ஓடுதான்னு தான் முதல்ல பாப்பாங்க, அது ரெண்டும் ஓடுனா மெஷின் அசல் மாதிரியே இருக்குன்னு அர்த்தம்.

கர்னல் தம்பி சொல்ற சிலிகான் கோடு இன்டெல் 286 பிராசஸர்லயே, அதாவது 1982லயே இருந்துச்சு, டாஸ் அதைப் பயன்படுத்தவே இல்ல. அப்ப டாஸ்ல ஓடுன புரோகிராம் எல்லாத்துக்கும் முழு மெஷினும் சொந்தம். உங்க கணக்குப்படி லோட்டஸ் சிஸ்டம் சாஃப்ட்வேர் ஆயிருமே?

அப்புறம் விண்டோஸ் 3.1. சி பிராம்ப்ட்ல வின்னு அடிச்சு என்டர் தட்டுனா தான் வரும், டாஸ் மேல ஏறி உக்காந்துருக்கும். மல்டிடாஸ்கிங்னு பேரு, ஆனா ஒரு புரோகிராம் தானா வழி விட்டா தான் அடுத்தது ஓடும், விடலைன்னா மணல்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். அது ஆபரேடிங் சிஸ்டமா இல்ல டாஸ்ல ஓடுற ஒரு பெரிய அப்ளிகேஷனான்னு அன்னைக்கே அடிதடி. ஆனா ஒண்ணு, பிரிண்டர் டிரைவரை அப்ளிகேஷன் கிட்ட இருந்து புடுங்கி ஒரே எடத்துல வெச்சது அந்த விண்டோஸ் தான். அதுக்கப்புறம் வேர்ட் எழுதுறவன் பிரிண்டரைப் பத்திக் கவலைப்பட வேண்டியது இல்லாமப் போச்சு.

நிரோஷ்_யாழ்

பெரியவர் சொல்லுறது உண்மை, உந்தக் கோடு ஒரு இடத்தில நிண்டதில்லை. தமிழ் ஆக்களுக்கு இதைக் கண்ணாலயே காட்டலாம். யுனிக்கோடுக்கு முந்தி டிஸ்கி, டாம், டாப் எண்டு எத்தினை என்கோடிங் (எழுத்துக்கு எண் குடுக்கிற முறை). அந்தக் காலம் தமிழ் எண்டது முழுக்க ஃபொன்டுக்குள்ள இருந்த விசயம். விண்டோசுக்கு அது தமிழ் எண்டு தெரியாது, ஏதோ ஐரோப்பிய எழுத்து எண்டு நினைச்சுக்கொண்டு கீறும், ஃபொன்டை மாத்தினா கிறுக்கல் தான் மிச்சம். டிஸ்கியில "கொ" எழுதினா முதல் கொம்பு, பிறகு க, பிறகு கால், கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கிலயே மூண்டு துண்டாச் சேமிக்கும். அப்ப சிஸ்டம் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை.

யுனிக்கோடு வந்தாப் பிறகு கதை மாறிப்போச்சு. சேமிக்கேக்க க, அதுக்குப் பிறகு ஒகரக் குறி, அவ்வளவு தான். அந்தக் குறியை ரெண்டா உடைச்சு கொம்பை முன்னுக்குக் கொண்டு போய் காலைப் பின்னுக்குப் போடுறதை ஆரோ செய்ய வேணும். விண்டோசில அதைச் செய்தது யுனிஸ்கிரைப், யுஎஸ்பி10 எண்ட டிஎல்எல். விண்டோஸ் 2000ல தான் லதா ஃபொன்டோட தமிழ் வந்தது. எக்ஸ்பியில இருந்தும் தானா வேலை செய்யாது, கன்ட்ரோல் பேனலுக்குள்ள ரீஜனல் செட்டிங்கில போய் கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் எண்ட பெட்டிக்குச் சரி போடவேணும், போட்டா உடன எக்ஸ்பி சிடியைப் போடு எண்டு கேக்கும். சிடி ஆரிட்ட இருந்தது? ஊரில கனக்கப் பேர் தமிழ்ப் பக்கங்களைப் பெட்டி பெட்டியாப் பாத்துக்கொண்டிருந்தது உந்த ஒரு சிடிக்காகத் தான்.

இன்னும் ஒரு பகிடி. எம்எஸ் ஒஃபிஸ் தன்ர புது யுஎஸ்பி10 கொப்பியைத் தன்னோடயே கொண்டு வரும். அப்ப ஒரே கொம்பியூட்டரில வேர்டில ஒரு மாதிரியும் நோட்பேடில இன்னொரு மாதிரியும் தமிழ் தெரியக்கூடும். இப்ப சொல்லுங்கோ, உந்த டிஎல்எல் சிஸ்டமோ அப்ளிகேஷனோ?

கர்னல்_காரன்

பெருசு, 1-2-3 சிஸ்டம் சாஃப்ட்வேர் இல்ல, டாஸ் தான் ஒழுங்கான ஆபரேடிங் சிஸ்டம் இல்ல. காவலே இல்லாத எடத்துல எல்லைக் கோடு இல்லைன்னா அது கோட்டோட தப்பா? நிரோஷ் சொல்ற டிஎல்எல் ரிங் 3, நோட்பேடோட மெமரிக்குள்ளயே லோட் ஆகுது, அதுல கோளாறுன்னா நோட்பேட் மட்டும் சாகும். என் கணக்குல அது அப்ளிகேஷனோட ஒரு பாகம்.

டவுன்பஸ்_ரசிகன்

நிரோஷ் அண்ணே பழைய ஞாபகத்தைக் கிளப்பி விட்டுட்டீங்க. ஓபரா மினி ஞாபகம் இருக்கா யாருக்காச்சும்? போன்ல தமிழ் ஃபான்டும் கிடையாது எழுத்தைக் கோக்குற எஞ்சினும் கிடையாது, எல்லா பிரவுசர்லயும் பெட்டி பெட்டியா தெரியும், ஓபரா மினில மட்டும் அட்ரஸ் அடிக்குற எடத்துல ஓபரா கோலன் கான்ஃபிக்னு அடிச்சு கடைசிக்குப் போயி காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு பிட்மேப் ஃபான்ட்ங்குற வரியை யெஸ்னு மாத்தி சேவ் குடுத்தா அப்படியே பளிச்சுனு தமிழ் வரும். எப்படின்னா பக்கம் முதல்ல அவங்க சர்வருக்குத் தான் போகும், அங்கயே எழுத்தைப் படமா வரைஞ்சு போனுக்கு அனுப்பிருவாங்க. போன் படத்தைக் காட்டும், அவ்வளவுதான். டேட்டா கூடுதலா இழுக்கும், பத்து ரூபா ரீசார்ஜ் காலத்துல அது வயித்தெரிச்சல். ஆனாலும் ஆபரேடிங் சிஸ்டம் கைவிட்டதை ஒரு சாதா அப்ளிகேஷன் எங்கயோ வெளிநாட்டு சர்வர்ல வெச்சு முடிச்சுக் குடுத்துச்சு பாருங்க, அது பெரிய விசயம்ல.

சுதா_கோபி

அதே தானுங்க. இன்னைக்கு குரோமும் ஃபயர்பாக்ஸும் ஹார்ஃப்பஸ்னு ஒரு எழுத்துக் கோர்க்கற லைப்ரரியைத் தங்களுக்குள்ளயே வெச்சிருக்கு. ஆண்ட்ராய்டுலயும் அதே ஹார்ஃப்பஸ் தான், அங்க சிஸ்டத்தோட பாகம். ஒரே கோட், ஒரு எடத்துல அப்ளிகேஷனுக்குள்ள, இன்னொரு எடத்துல சிஸ்டத்துக்குள்ள. கர்னல் இதுக்கு என்ன சொல்றாருன்னு பாக்கலாம்.

வக்கீல்_ஆகாத_இன்ஜினியர்

இந்தக் கோடு எங்க இருக்குன்னு கோர்ட்ல கோடிக்கணக்குல செலவு பண்ணி சண்டை போட்ட கதை ஒண்ணு இருக்கே, யாரும் சொல்லலையா. 1998 மே மாசம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல கேஸ் போட்டுச்சு. குற்றச்சாட்டுல ஒண்ணு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ங்குற தனி அப்ளிகேஷனை விண்டோஸோட கட்டி வித்து நெட்ஸ்கேப்ங்குற போட்டி பிரவுசரை நசுக்குறாங்கன்னு. மைக்ரோசாஃப்ட் பதில், அது தனி அப்ளிகேஷனே இல்ல, விண்டோஸ் 98ஓட பிரிக்க முடியாத பாகம். எட்வர்ட் ஃபெல்டன்னு பிரின்ஸ்டன் புரொஃபசர் ஒருத்தர் ஐஇயைக் கழட்டுற புரோகிராமே எழுதிக் காட்டுனாரு. கழட்டுனா விண்டோஸ் மெதுவாகுதுன்னு மைக்ரோசாஃப்ட் கோர்ட்ல ஒரு வீடியோ போட்டாங்க, அது ஒரே மெஷின்ல ஒரே மூச்சுல எடுத்தது இல்லைன்னு குறுக்கு விசாரணைல வெளிய வந்து மானம் கப்பலேறுச்சு.

ஜட்ஜ் தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூன்ல குடுத்த தீர்ப்பைப் பாருங்க, கம்பெனியை ரெண்டா உடைங்கன்னு. ஆபரேடிங் சிஸ்டத்துக்கு ஒரு கம்பெனி, ஆஃபிஸ் மாதிரி அப்ளிகேஷனுக்கு ஒரு கம்பெனி. பாலாவோட இன்டர்னல் கேள்வி தான், ஆனா பதில் தப்பானா கம்பெனியே ரெண்டாகும். 2001 ஜூன்ல அப்பீல் கோர்ட் உடைக்குற உத்தரவை ரத்து பண்ணிருச்சு, ஆனா ஏகபோகத்தைத் தக்க வெச்சுக்க சட்ட விரோதமா நடந்தாங்கங்குறதை உறுதி பண்ணுச்சு, அந்த வருஷக் கடைசில சமரசம்.

டெக்னிக்கலா பாத்தா ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி உண்மை. ஐகானை அழுத்தினா ஓடுற எக்ஸ்இ சின்னூண்டு. பக்கத்தை வரையுற வேலை பூரா எம்எஸ்எச்டிஎம்எல்ங்குற டிஎல்எல்ல, அதை அவுட்லுக் எக்ஸ்பிரஸும் பயன்படுத்துச்சு, ஹெல்ப் ஜன்னலும் பயன்படுத்துச்சு. 2022 ஜூன்ல ஐஇ 11க்கு மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்துனதுக்கப்புறமும் எட்ஜோட ஐஇ மோடுக்காக அந்த டிஎல்எல் விண்டோஸுக்குள்ள இன்னும் உயிரோட தான் இருக்கு.

லைசென்ஸ்லயும் இதே கோடு வருது. லினக்ஸ் கர்னல் ஜிபிஎல்ல (மாத்தி வெளியிட்டா சோர்ஸ் கோடையும் அதே லைசென்ஸ்ல குடுக்கணும்ங்குற லைசென்ஸ்) வருதுல்ல, அப்ப லினக்ஸ்ல ஓடுற எல்லா அப்ளிகேஷனும் ஜிபிஎல் ஆகணுமான்னு பயம் வந்துரக் கூடாதுன்னு லினக்ஸை உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ் லைசென்ஸ் ஃபைல் தலைலயே ஒரு குறிப்பு போட்டாரு, சாதாரண சிஸ்டம் கால் மூலமா கர்னலைப் பயன்படுத்துற யூசர் புரோகிராமுக்கு இந்த லைசென்ஸ் பொருந்தாதுன்னு. இதுல கர்னல்_காரன் கட்சி ஜெயிக்குது, சிஸ்கால் தான் எல்லை. ஆனா 1991ல வந்த ஜிபிஎல் ரெண்டாவது வெர்ஷனைப் படிச்சீங்கன்னா ஆபரேடிங் சிஸ்டத்தோட முக்கிய பாகங்கள்னு சொல்ற எடத்துல கம்பைலர், கர்னல் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல எழுதியிருப்பாங்க. அங்க சுதா கட்சி ஜெயிக்குது 😄

பாலா_பிசிஏ

யப்பா, நான் ஒரு டேபிளைப் பத்திக் கேட்டேன், கோர்ட்டு வரைக்கும் போயிட்டீங்க. நன்றிண்ணா, நன்றிக்கா. ஆன்டிவைரஸை மட்டும் யாரும் சொல்லலையே? எங்க புக்ல அது யுடிலிட்டின்னு சிஸ்டம் சாஃப்ட்வேருக்குக் கீழ இருக்கு, ஆனா அதுக்குத் தனி ஜன்னல் இருக்கு, ஸ்கேன் பட்டன் இருக்கு, நாம தானே காசு குடுத்து வாங்குறோம்.

கர்னல்_காரன்

நல்ல கேள்வி, என் கட்சிக்கு வேண்டிய கேள்வி. நீ பாக்குற ஜன்னலும் பட்டனும் ரிங் 3. ஆனா எந்த ஃபைல் திறந்தாலும் நடுவுல புகுந்து பாக்கணும்ல, அதுக்கு ஒரு டிரைவர் கர்னலுக்குள்ள உக்காந்திருக்கும். ஒரே பிராடக்ட், ரெண்டு பாகம், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு.

அந்தப் பக்கம் இருந்தா என்ன ஆகும்ங்குறதுக்கு 2024 ஜூலை 19 கிரவுட்ஸ்ட்ரைக் கதையை எடுத்துக்க. பெரிய கம்பெனிகள்ல போடுற செக்யூரிட்டி சாஃப்ட்வேர், ஃபால்கன்னு பேரு. அன்னைக்கு நம்ம நேரம் காலைல 9:39க்கு ஒரு அப்டேட் அனுப்புனாங்க, சேனல் ஃபைல் 291. அது புரோகிராம் கூடக் கிடையாது, எதைக் கண்டுபிடிக்கணும்னு சொல்ற டேட்டா ஃபைல். அதுல 21 இன்புட் எதிர்பாக்குற மாதிரி இருந்துச்சு, மெஷின்ல ஓடுற ஃபால்கன் கோட் குடுத்தது 20. இருபத்தொண்ணாவதைத் தேடப் போயி தனக்குச் சொந்தம் இல்லாத மெமரியைப் படிச்சுது. இதே தப்பு நோட்பேட்ல நடந்தா நோட்பேட் மூடிக்கும், நீ திரும்பத் திறப்ப, அவ்வளவுதான். இது கர்னலுக்குள்ள நடந்துச்சு, அங்க தடுக்குறதுக்கு மேல யாரும் இல்ல, நீல ஸ்கிரீன். பூட் ஆகுறப்பவே லோட் ஆகுற டிரைவர்ங்குறதால திரும்ப பூட் பண்ணா திரும்ப நீல ஸ்கிரீன்.

9:39க்கு விட்டதை 10:57க்கே நிறுத்திட்டாங்க, அதுக்குள்ள 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துருச்சுன்னு மைக்ரோசாஃப்ட் கணக்கு சொல்லுச்சு. அது மொத்த விண்டோஸ் மெஷின்ல ஒரு பர்சென்ட் கூட இல்லையாம். ஆனா விழுந்தது பூரா ஏர்போர்ட்டு, பேங்கு, ஆஸ்பத்திரி. நம்மூர் ஏர்போர்ட்ல கையால எழுதுன போர்டிங் பாஸ் குடுத்த போட்டோ எல்லாரும் பாத்திருப்பீங்க. மெஷின் மெஷினா போயி சேஃப் மோட்ல ஏத்தி அந்த ஒரு ஃபைலை அழிக்கணும், பிட்லாக்கர்னு டிஸ்கைப் பூட்டுற வசதி போட்டிருந்தா அதுக்கு 48 இலக்க ரெகவரி கீயை வேற தேடிப் புடிக்கணும்.

மேக்குக்கும் லினக்ஸுக்கும் அந்த ஃபைலே போகலை. ஆனா மேக்ல வேற ஒரு விசயம் இருக்கு. ஆப்பிள் 2019ல கேட்டலினா வந்தப்பவே செக்யூரிட்டி சாஃப்ட்வேரையெல்லாம் கர்னலை விட்டு வெளிய வாங்கன்னு தள்ள ஆரம்பிச்சுட்டாங்க, சிஸ்டம் எக்ஸ்டென்ஷன்னு யூசர் மோட்லயே ஓடுற மாதிரி தனி வழி போட்டுக் குடுத்தாங்க. அதனால தான் சொல்றேன் சுதாக்கா, யாருக்காக ஓடுதுங்குற கேள்வி பரீட்சைக்கு அழகா இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் படுத்தா எங்க ஓடுதுங்குற கேள்வி தான் வேலைக்காகும்.

சுதா_கோபி

வேலைக்காகறதைப் பத்தியே பேசலாமுங்க. உங்க போன்ல ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூன்னு ஒண்ணு இருக்கும். சாதா ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்), பிளே ஸ்டோர்ல மத்த ஆப் மாதிரியே அப்டேட் ஆகும், ரிங் 0 வாசலைக் கூட மிதிச்சதில்ல. 2014ல ஆண்ட்ராய்டு 5 வர்றப்ப சிஸ்டத்துக்குள்ள இருந்ததைக் கழட்டித் தனி ஏபிகேவா ஆக்குனாங்க, ஓட்டை ஏதாச்சும் இருந்தா போன் கம்பெனி அப்டேட் விடற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு. மத்த ஆப் எல்லாம் தனக்குள்ள வெப் பக்கம் காட்ட அதைத் தான் கூப்பிடும். 2021 மார்ச்ல அதுக்கு ஒரு கோளாறு அப்டேட் வந்துச்சு பாருங்க, உலகம் பூரா ஜிமெயில் திறந்தா மூடிக்குது, இன்னும் எத்தனையோ ஆப் திறந்தா மூடிக்குது. ஜிமெயில்ல ஒரு தப்பும் இல்ல. கர்னல்லயும் ஒரு தப்பும் இல்ல. வெப்வியூ அப்டேட்டைக் கழட்டினா தான் சரியாச்சு. உங்க கட்சிப்படி அது வெறும் அப்ளிகேஷன். அப்ளிகேஷன் ஒண்ணு செத்தா அடுத்த ஆளு எதுக்குங்க சாகணும்? அதை நம்பி மத்தது நிக்குது, அதனால அது சிஸ்டம் சாஃப்ட்வேர். பிளே சர்வீசஸும் இதே ஜாதி தான், லொகேஷனும் நோட்டிஃபிகேஷனும் அது வழியாத் தான் முக்கால்வாசி ஆப்புக்குப் போகுது.

கர்னல்_காரன்

வெப்வியூ உதாரணம் நல்லா இருக்கு, ஒத்துக்கிற மாட்டேன் 😄 அது செத்தப்ப போன் நின்னுச்சா? கால் வந்துச்சுல்ல, அலாரம் அடிச்சுதுல்ல?

பழைய_டாஸ்_பெருசு

ரெண்டு பேரும் இன்னும் பத்து பக்கம் ஓட்டுவீங்க போல. பாலா, பரீட்சைக்கு இப்படி எழுதுங்க. ஆபரேடிங் சிஸ்டம், டிரைவர், கம்பைலர், அசெம்பிளர், லிங்கர் சிஸ்டம் பக்கம். வேர்ட், எக்செல், டேலி, பிரவுசர், நோட்பேட் அப்ளிகேஷன் பக்கம். ஆன்டிவைரஸை புக்ல இருக்குற மாதிரியே யுடிலிட்டின்னு போட்டுருங்க, திருத்துறவங்க கிட்ட ரிங் 0 பத்திப் பேச முடியாது. அந்த ஹார்டுவேரோட பேசும் யூசரோட பேசும்ங்குற வரிக்குப் பதிலா, சிஸ்டம் சாஃப்ட்வேர் மத்த புரோகிராம் ஓடறதுக்கு வழி பண்ணும், அப்ளிகேஷன் யூசரோட குறிப்பிட்ட ஒரு வேலையை முடிக்கும்னு எழுதினா மிஸ்ஸும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கம்பைலரும் உள்ள வந்துரும்.

அப்புறம் முடிஞ்சா லேப்ல உபுண்டு இருக்குற மெஷின்ல ஸ்ட்ரேஸ்னு ஒரு டூல் இருக்கும், ஒரு புரோகிராம் கர்னல் கிட்ட என்னென்ன கேக்குதுன்னு வரி வரியா காட்டும். ஓட்டிப் பாருங்க.

பாலா_பிசிஏ

ஓட்டுனேன்! எக்கோ கமாண்டுக்கு முன்னாடி ஸ்ட்ரேஸ் போட்டு, நிரோஷ் அண்ணா சொன்ன "கொ" எழுத்தையே குடுத்தேன். ஒரு எழுத்தைத் திரையில எழுத இத்தனை வரியா? முதல்ல எக்ஸெக்விஇ, அப்புறம் எம்மேப், ஓப்பன்அட், ரீடுன்னு பாதிக்கு மேல லைப்ரரி தேடுற வேலை, சுதாக்கா சொன்ன லோடர் இது தானே? கடைசிக்கு முன்னாடி ஒரே ஒரு ரைட். ஆனா அதுல "கொ"ன்னு இல்ல, 340 256 225 340 257 212ன்னு நம்பர், அப்புறம் 7ன்னு போட்டிருக்கு. ஒரு எழுத்துக்கு ஏழு எப்படி வருது?

சுதா_கோபி

லோடரே தானுங்க தம்பி, கண்டுபிடிச்சிட்டீங்க. அந்த நம்பர் ஆக்டல், அதாவது எட்டை அடிப்படையா வெச்ச எண். யுனிக்கோடை பைட்டா சேமிக்கற யுடிஎஃப்-8ல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் மூணு பைட், க மூணு, ஒகரக் குறி மூணு, எக்கோ கடைசில போடற நியூலைன் ஒண்ணு, ஆக ஏழு. கர்னல் அந்த ஏழு பைட்டை வாங்கி டெர்மினலுக்குத் தள்ளி விடும், அது தமிழா தெலுங்கான்னு அதுக்குக் கவலையே இல்ல. கொம்பு முன்னாடி வர்றதெல்லாம் டெர்மினல் ஜன்னலோட வேலை. நெறைய டெர்மினல் எழுத்தைக் கட்டம் கட்டமா வைக்கறதால தமிழை இன்னமும் சொதப்பும்.

நிரோஷ்_யாழ்

தம்பி, அதே மெஷினில கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அமத்திப் பாரும், ஜன்னல் ஒண்டும் இல்லாத கறுப்புத் திரை வரும். அங்க லொகின் பண்ணி அதே "கொ" ஃபைலைக் காட்டச் சொல்லும்.

பாலா_பிசிஏ

பாத்தேன்ணா. "கொ" வரவே இல்ல, அதுக்குப் பதிலா வேற ஏதோ குறி தான் வருது.

கர்னல்_காரன்

அந்தத் திரையை வரையுறது கர்னலே தான். அதோட ஃபான்ட்ல மொத்தம் 512 வடிவத்துக்கு மேல எடம் கிடையாது, எழுத்தைக் கோர்க்குற எஞ்சினும் கிடையாது. சுதாக்கா இதை வெச்சு இப்ப என்னைய ஓட்டுவாங்க, நான் சாப்பிடப் போறேன்.

சுதா_கோபி

போயிட்டு வாங்க, இங்கயே தான் இருப்பேன். ஹார்ஃப்பஸ் கேள்விக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலீங்க.